அனுபவம்: இல்லை

ஒன்றுவிட்ட அண்ணன் மகன் போன மாசம் ஒரு தாளை நீட்டினான். "சித்தப்பா, இத ஒரு பார்வ பாருங்க. நாலு கம்பெனிக்கு குடுத்துட்டேன், ஒருத்தனும் கூப்பிடல."

ஜெராக்ஸ் கடையில் தயாராக வைத்திருக்கும் பயோடேட்டா. பெயர், தகப்பனார் பெயர், தகப்பனார் தொழில்: விவசாயக் கூலி. மதம், சாதி, காலனித் தெரு என்று முகவரி. அப்புறம்தான் படிப்பு. கடைசியில் ஒரு வரி. அனுபவம்: இல்லை.

எனக்குச் சுருக்கென்று தைத்தது அந்த வரிதான். பிளஸ் டூ லீவிலிருந்து சென்ட்ரிங் வேலைக்குப் போனவன் இவன். காலேஜ் மூன்று வருஷமும் முகூர்த்த நாளில் மண்டபத்தில் பந்தி பரிமாறினான். ஏப்ரல் 14 விழாவுக்குத் தெருவே போட்ட காசுக்குக் கணக்கெழுதி, ரசீதோடு கூட்டத்தில் படித்துக் காட்டியவன். "இதெல்லாம் ஏண்டா எழுதல?" என்றேன். "அது கூலி வேல சித்தப்பா. அதப் போயி எழுதுவாங்களா?"

அப்பன் ரைஸ்மில் கல்லாவில் ரெண்டு மாசம் உட்கார்ந்த பையன் 'நிர்வாகப் பயிற்சி' என்று கூசாமல் எழுதுகிறான். உடம்பு நோகச் செய்ததெல்லாம் கணக்கில் சேராது என்று நம்ம பிள்ளை வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறது பார்ப்பனியம்.

அழைப்பு வராததற்கு அவன் எழுதின லட்சணம் மட்டும் காரணமில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2005 அக்டோபர் தொடங்கி 66 வாரம், ஆங்கில நாளேடுகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயரில் அனுப்பிப் பார்த்தார்கள். 548 விளம்பரம், 4,808 விண்ணப்பம். முடிவு 2007-இல் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லியில் வந்தது. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 1 என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அங்கே பெயரின் வாலைப் பார்த்தார்கள். நம்மூரில் வால் இல்லை. அதனால் தெருவையும் தகப்பன் தொழிலையும் மோந்து பார்க்கிறான். அந்த வேலையை மிச்சம்பிடித்து நாமே எழுதிக் கொடுக்கிறோம்.

அடிடா அதையெல்லாம் என்றேன். ஊர், போன் நம்பர், ஈமெயில் போதும். உங்கப்பன் கூலி என்பதில் வெட்கமில்லை. ஆனால் அவன் எடை போட வேண்டியது உன்னை.

அரசு விண்ணப்பம் வேறு. அங்கே சாதியைச் சான்றிதழோடு எழுது. மாநிலத்தில் ஆதிதிராவிடருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3. மத்திய அரசில் 15. வயசுத் தளர்வும் உண்டு. கூச்சப்பட்டு விட்டுக்கொடுக்க அது யாரும் போட்ட பிச்சையில்லை.

இது ஒளிவதில்லையா என்று தோழர்கள் கேட்பார்கள். எனக்கும் உறுத்தல்தான். கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கருக்கே 1917-இல் பரோடாவில் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து துரத்தினார்கள். நான் பெயரை மாற்றச் சொல்லவில்லை. கேட்க உரிமையில்லாதவனிடம் வலியப் போய்ச் சொல்லாதே என்கிறேன். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்ததை எழுதவா என்றான். எழுது. அது படிப்பு. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். இவன் ஆதார் அட்டையில் இன்னும் காலனித் தெருதான்.

அப்புறம் உட்கார்ந்து எழுதினோம். இரண்டு கோடை சென்ட்ரிங், அளவெடுக்கத் தெரியும். பந்திக்கு 200 பேர், கூட நாலு பையன்களை வேலை வாங்கியது. விழா வரவு செலவு. எல்லாம் எண்ணோடு, ஒரே பக்கத்தில். கடைசியில் 'மேற்கண்டவை யாவும் உண்மையென உறுதி கூறுகிறேன்' என்ற வரியையும் அடித்துவிட்டேன். நாம மட்டும் என்ன சத்தியம் பண்ணிக்கிட்டே கெடக்கிறது?

ஜெராக்ஸ் கடைக்காரர், "அனுபவத்துக்கு ஒரு வரிதான் தம்பி எடம் இருக்கு" என்றாராம். "தகப்பனார் தொழில் இருந்த எடத்தையும் அதுக்கே குடுங்கண்ணே" என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறான். இந்த வாரம் மறுபடி நாலு இடத்துக்கு அனுப்பியிருக்கிறான்.