இரண்டு கிராமும் எங்கள் பள்ளிவாசல் தீர்மானமும்

2018 ஜூலையில், சிறைக்குள் இருந்துகொண்டே போதைப்பொருள் வியாபாரத்தை நடத்தும் மரண தண்டனைக் கைதிகளைத் தூக்கிலிட அமைச்சரவை தீர்மானித்தது. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் அதை ஆதரித்துக் கையெழுத்துச் சேகரித்தார்கள். நானும் கையெழுத்து வைத்தேன். ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போகும்போது நல்ல காரியம் ஒன்று செய்த திருப்தி இருந்தது.

அதற்குப் பல வருடங்களின் பின், பள்ளிவாசல் நிர்வாகம் வேறொரு தீர்மானம் கொண்டுவந்தது. போதைப்பொருள் வழக்கில் பிடிபடுகிறவர்களுக்கு ஜமாஅத் எந்தக் கடிதமும் கொடுக்காது, அவர்களின் வீட்டு விசேஷங்களில் கலந்துகொள்ளாது. அதற்கும் கை உயர்த்தினேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு தாய் என் வீட்டு வாசலில் வந்து நிற்கும்வரை அந்தத் தீர்மானத்தைப் பற்றி நான் மறுபடி யோசிக்கவில்லை.

அவருடைய மகன் என்னிடம் விஞ்ஞானம் படித்தவன். சாதாரண தரம் முடித்துவிட்டு ஒரு கடையில் நின்றான். எட்டு மாதங்களுக்கு முன் பொலிஸார் அவனிடமிருந்து ஒரு பக்கற்றை எடுத்தார்கள். பொலிஸ் தராசில் ஆறு கிராம் ஹெரோயின். அன்றிலிருந்து விளக்கமறியலில் இருக்கிறான். பிணை மனுவுக்காகப் பள்ளிவாசல் கடிதம் ஒன்றை வாங்கி வரும்படி சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். நிர்வாகம் மறுத்துவிட்டது. "ஸேர், ரிப்போட் இன்னும் வரல்லயாம். வந்தாத்தான் ஏதும் சொல்லேலுமாம்" என்றார் அந்த உம்மா.

எந்த ரிப்போட், அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று தேடிப்போனபோதுதான் நான் ஆதரித்துக் கையெழுத்திட்ட சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கியது. படித்தவன் என்று சொல்லிக்கொள்ளும் நான் அதைக் கையெழுத்துக்கு முன் செய்திருக்க வேண்டும்.

நமது நாட்டில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1929 ஆம் ஆண்டின் நஞ்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984 இல் அதைத் திருத்தி மரண தண்டனையைச் சேர்த்தார்கள். ஹெரோயின் இரண்டு கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் மரண தண்டனை, அல்லது ஆயுள் சிறை. 2022 நவம்பரில் வந்த 41 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஐஸ் போதைப்பொருளை அதே பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதற்கு எல்லை ஐந்து கிராம்.

இரண்டு கிராம் என்பது மிகச் சிறிய அளவு. அதைவிட என்னைத் திகைக்க வைத்தது வேறொன்று. கடத்துவதற்கும் விற்பதற்கும் உள்ள அதே இரண்டு கிராம் எல்லைதான் வெறுமனே வைத்திருப்பதற்கும் உள்ளது. தண்டனையும் அதேதான். தென்கடலில் நெடுநாள் மீன்பிடிப் படகுகளில் பிடிபடும் நூற்றுக்கணக்கான கிலோவும், கடையில் நின்ற பையனின் சட்டைப்பையில் இருந்ததும் தண்டனைப் பட்டியலில் ஒரே வரிசையில் வந்துவிடலாம்.

இந்த இடத்தில் என் பாடமும் உள்ளே வருகிறது. சட்டம் கணக்கெடுப்பது பக்கற்றின் மொத்த நிறையை அல்ல, அதிலுள்ள தூய ஹெரோயினின் நிறையை. அதை அளந்து சொல்வது அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம். வகுப்பில் நாம் கரும்பலகையில் போடும் கலவைக் கணக்கேதான் இது. ஆறு கிராம் பக்கற்றில் முப்பது வீதம் ஹெரோயின் என்றால் 1.8 கிராம். நாற்பது வீதம் என்றால் 2.4 கிராம். முதலாவது கணக்கில் அந்தப் பையன் சில வருடங்களில் வீட்டுக்கு வரலாம். இரண்டாவது கணக்கில் அவனுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. எவ்வளவு கலப்படம் செய்வது என்று முடிவெடுத்தவன் பக்கற்றைக் கட்டிய வியாபாரி. வாங்கியவனுக்கு அது தெரியவே தெரியாது.

அந்தக் கணக்கைப் போட அறிக்கை வர வேண்டும். நாடு முழுவதிலுமிருந்து மாதிரிகள் அந்த ஒரு திணைக்களத்துக்கே போகின்றன. அதுவரை, இந்தப் பாரதூரமான பிரிவுகளின் கீழ் பிடிபட்டவருக்கு நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றமும் விதிவிலக்கான சந்தர்ப்பத்தில் மட்டுமே கொடுக்கலாம். தூய நிறை பத்துக் கிராமோ அதற்கு மேலோ என்று அறிக்கை சொன்னால், 2022 திருத்தத்தின்படி மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை போக வேண்டும். பத்துக்குக் கீழ் என்றாலும் பன்னிரண்டு மாதம்வரை விளக்கமறியல். சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் மும்மூன்று மாதமாக இன்னும் பன்னிரண்டு மாதம் நீடிக்கலாம். குற்றவாளி என்று யாரும் தீர்ப்புச் சொல்லாமலே இரண்டு வருடங்கள். நம் சிறைகளில் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமானோர் அடைபட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் விளக்கமறியல் கைதிகள்.

"இப்படிக் கடுமையாக இருந்தால்தான் பயப்படுவார்கள்" என்று ஆசிரியர் ஓய்வறையில் என் நண்பர்கள் சொல்கிறார்கள். கடுமை வந்து நாற்பது வருடங்கள் தாண்டிவிட்டன. 1976 ஜூனுக்குப் பிறகு இந்த நாட்டில் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மை. 2019 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நான்கு பேரின் மரண தண்டனைக்குக் கையெழுத்திட்டதாக அறிவித்தார், அலுகோசு பதவிக்கு விளம்பரம்கூடப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. தூக்கு இல்லாவிட்டாலும் ஆயுள் சிறை இருந்தது, பிணையில்லா மறியல் இருந்தது. 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேர் கைதானார்கள். என் பாடசாலைக்கு முன்னால் நடந்த வியாபாரம் பத்து நாள் நின்றது. பிறகு வேறு முகங்களோடு திரும்பி வந்தது. 2025 ஒக்டோபரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஆரம்பித்த 'முழு நாடும் ஒன்றாக' தேசிய செயற்பாட்டின் மீது எனக்கும் எதிர்பார்ப்பு இருக்கிறது. கடலில் பெரிய தொகைகள் பிடிபடுவது நல்ல விஷயம். அதற்காக, கீழே பக்கற் பிடிபடும் எண்ணிக்கையையும் வெற்றிக் கணக்கில் சேர்க்க என் மனம் இடம் தரவில்லை.

நம் சமூகத்தில் இந்த விவாதம் உடனே மார்க்கத்துக்குப் போய்விடுகிறது. இஸ்லாமியத் தண்டனைதானே இது, ஏன் எதிர்க்க வேண்டும் என்கிறார்கள். நான் மௌலவி அல்ல, தெரிந்தவர்களிடம் கேட்டு அறிந்ததைச் சொல்கிறேன். போதைப்பொருள் ஹராம் என்பதில் கருத்து வேறுபாடில்லை. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் மது அருந்தியவனுக்குரிய ஹத் நாற்பது கசையடி. போதைப்பொருள் வைத்திருந்ததற்கு மரணம் என்று ஹத் எதுவும் இல்லை. அது ஆட்சியாளர் தீர்மானிக்கும் தஃஸீர். 1987 இல் சவூதியின் மூத்த உலமாக்கள் சபை கடத்தல்காரனுக்கு மரண தண்டனை என்று முடிவெடுத்தபோதுகூட, நாட்டுக்குள் விநியோகிப்பவனை அவனிடமிருந்து பிரித்தது. முதல் தடவை பிடிபட்டால் சிறை, கசையடி, அபராதம். திரும்பத் திரும்பச் செய்தால்தான் மரணம்வரை போகலாம் என்றது. நமது சட்டத்தின் இரண்டு கிராமில் அந்தப் பிரிப்பு இல்லை. சந்தேகம் இருக்கும் இடத்தில் ஹத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற விதியை நான்கு மத்ஹபுகளும் ஏற்கின்றன. அறிக்கையே வராத வழக்கில் இருப்பது முழுக்கச் சந்தேகம்தானே.

முஸ்லிம் நாடுகளும் இந்த எல்லைகளைத் திரும்பிப் பார்த்திருக்கின்றன. ஈரான் 2017 இல் ஹெரோயினுக்கான மரண தண்டனை எல்லையை முப்பது கிராமிலிருந்து இரண்டு கிலோவுக்கு உயர்த்தியது. ஆட்களைத் தூக்கிலிடத் தயங்காத நாடு அது. மலேசியாவில் பதினைந்து கிராம் ஹெரோயினுக்கு நீதிபதி மரண தண்டனை கொடுத்தே ஆக வேண்டும் என்றிருந்தது. 2023 இல் அந்தக் கட்டாயத்தை நீக்கி, ஏற்கனவே தண்டனை பெற்றவர்களின் வழக்குகளை மீண்டும் பார்க்க வழிசெய்தார்கள். நாம் அதற்கு முந்திய வருடம்தான் ஐஸுக்கு ஐந்து கிராம் என்று எழுதினோம்.

வியாபாரியை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் வகுப்பிலிருந்து பிள்ளைகளைப் பறித்தவர்களுக்கு ஆயுள் சிறை கிடைத்தால் நான் வருந்தப் போவதில்லை. வைத்திருப்பதற்கான எல்லையை விற்பனைக்கான எல்லையிலிருந்து பிரிக்க வேண்டும். பகுப்பாய்வு அறிக்கைக்குச் சட்டத்தில் ஒரு காலக்கெடு வேண்டும், அது தவறினால் நீதவானே பிணை கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நம் முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதை எழுப்பினால் சமூகம் கைதட்டாது என்பது எனக்குத் தெரியும். 2018 இல் நானும் கைதட்டியிருக்க மாட்டேன்.

ஆனால் கடிதம் கொடுப்பதற்குப் பாராளுமன்றம் கூடத் தேவையில்லை. பள்ளிவாசல் கடிதத்தில் என்ன இருக்கும்? இன்னார் இந்த மஹல்லாவைச் சேர்ந்தவர், குடும்பத்தை நமக்குத் தெரியும் என்ற இரண்டு வரி. அவன் நிரபராதி என்று யாரும் எழுதச் சொல்லவில்லை. பிணையில் வந்தால் இந்த ஊரில்தான் இருப்பான் என்று நீதிமன்றத்துக்குச் சொல்வதையும் மறுத்தால், நம்மை விட்டால் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது சிறைக்குள் உள்ள வியாபாரிகள்தான். அவர்கள் கடிதம் கேட்காமலே சேர்த்துக்கொள்வார்கள்.

போன வாரம் தீர்மானத்தை மீண்டும் எடுக்கும்படி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்தேன். தலைவர் ஹாஜியார் வாசித்துவிட்டு, "நீங்களும் கை உயர்த்தின ஆள்தானே ஸேர்" என்றார். ஆம் என்றேன். இஷாவுக்குப் பிறகு வரும் மாதாந்தக் கூட்டத்தில் பேசலாம் என்றார். பையனின் வழக்குத் தவணை அதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே வருகிறது.