படுகளம் வரைக்குமாவது விடுங்கள்

கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில் பக்கம் ஒரு பூக்கடை. முகூர்த்த நாளில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. மற்ற நாளில் கடைக்கார அக்காவுக்குத் துணை, அலமாரி மேல் இருக்கும் சின்ன டிவிதான். சில மாதம் முன்பு மாலை கட்டிக்கொண்டே கேட்டார்: "ஏங்க, நீங்க பத்திரிகைக்காரங்கதானே? அந்தப் பொண்ணு கேஸ் என்னாச்சுன்னு விசாரிச்சுச் சொல்லுங்களேன்." உள்ளூர் வழக்கு என்றுதான் நினைத்தோம். இல்லை, தொடரில் வரும் பெண். மாமனார் ஏமாற்றி எழுதி வாங்கிய நிலத்துக்காகக் கோர்ட் படி ஏறியவள். வெள்ளிக்கிழமை வாய்தா வாங்கினார்கள். திங்கட்கிழமை அதே நேரத்தில் வேறொரு வீடு, வேறொரு மாமியார்.

ஒரு தொடருக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்பது பார்க்கிறவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். இரவு எட்டரையிலிருந்து மதியத்துக்குத் தள்ளுவார்கள். நாயகனுக்குத் திடீரென்று வெளிநாட்டில் வேலை கிடைக்கும். பிறகு ஒருநாள் வில்லி காலில் விழுவாள், எல்லோரும் வரிசையாக நின்று கும்பிடுவார்கள். இந்தக் கும்பிடாவது வாய்த்தால் அந்தத் தொடர் கொடுத்துவைத்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றபோது சன் டிவியின் அழகு, சாக்லேட், தமிழ்ச்செல்வி, கல்யாணப் பரிசு ஆகியவை திரும்பி வரவேயில்லை. அன்று தொற்றைக் காரணம் சொல்ல நியாயம் இருந்தது. இன்று தொற்று இல்லை, வியாழக்கிழமை இருக்கிறது.

வாராவாரம் அன்றுதான், யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்கும் பார்க் (BARC) அமைப்பின் டிஆர்பி கணக்கு வரும். நாட்டில் டிவி உள்ள வீடுகள் 21 கோடி என்பது 2020-க்கு அந்த அமைப்பே சொன்ன கணக்கு. அளவுப் பெட்டி வைத்த வீடுகளோ சுமார் 55,000. ஒரு பெட்டி ஏறத்தாழ 3,800 வீடுகளுக்காகப் பேசுகிறது. கிராமங்கள் இந்தக் கணக்கில் சேர்ந்ததே 2015 அக்டோபரில்தான். அதற்கு முன் நம் பூக்கடை அக்காமார்கள் பார்த்தும் பார்க்காதவர்கள். எந்த வீட்டில் பெட்டி இருக்கிறது என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் மாதிரிக் கணக்கில் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். நாலு வார இறக்கத்தைப் பார்த்து ஒரு கதையின் ஆயுளை முடிப்பது அவசரம்.

சேனல்காரர்களுக்கும் கணக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. முன்னிரவு ஸ்லாட் சும்மா கிடைப்பதில்லை. ஓடாத குதிரைக்கு எத்தனை நாள் கொள்ளு வைப்பது? ஆனால் எல்லாக் குதிரையும் முதல் நாளே ஓடுவதில்லை. அமெரிக்காவில் சைன்ஃபெல்ட் தொடரின் முன்னோட்டம் 1989-ல் சோதனைப் பார்வையாளர்களிடம் தேறவில்லை. அடுத்த ஆண்டு நாலே நாலு எபிசோடு கொடுத்தார்கள். அது 1998 வரை ஓடியது.

நமக்கு உண்மையான கவலை நின்றுபோன தொடர்களைப் பற்றியது மட்டுமல்ல. எந்த வெள்ளிக்கிழமையும் நிறுத்தப்படலாம் என்று தெரிந்த எழுத்தாளர் என்ன எழுதுவார்? எங்கே வெட்டினாலும் கவலையில்லாத கதையைத்தான் எழுதுவார். வாரம் ஒரு சண்டை, வாரம் ஒரு விஷப் பாயசம். நாகா இயக்க, இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் 2004 முதல் 2006 வரை வந்த சிதம்பர ரகசியத்தை நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்து ஊர்ப் பெயர் என்பதால் இங்கே கூடுதல் மவுசு. முடிச்சு அவிழும் என்ற நம்பிக்கையில்தான் அதன் முன்னே உட்கார்ந்தோம். பாதியில் நிறுத்தியிருந்தால் அது பாதிக் கதை அல்ல, கதையே அல்ல. அப்படி ஒன்றை இன்று யார் துணிந்து தொடங்குவார்?

இழுவையும் இதே வயிற்றில் பிறந்ததுதான். கோலங்கள் 1,533 எபிசோடு ஓடியதும், புதுத் தொடர் நூறைத் தொடாமல் சாவதும், கதைக்கென்று அளவு வைக்காததால்தான். தூர்தர்ஷனில் 13 வாரம் என்று கட்டம் போட்டுக் கொடுத்த காலத்தில் எழுதுகிறவருக்கு முடிவு எங்கே என்று தெரிந்திருந்தது. ஓடிடி வந்தால் விடியும் என்றார்கள். 2019 டிசம்பரில் வந்த குயின் தொடரின் அடுத்த பகுதிக்காகக் காத்திருந்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அதை வெளியிட்ட எம்எக்ஸ் பிளேயரே அமேசான் கைக்குப் போய்விட்டது.

கடலூர்ப் பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நடுராத்திரி இரண்டு மணிக்குப் பாதி ஊர் பாயில் உறங்கும். அந்த நேரத்தில் டிஆர்பி எடுத்தால் துரியோதனன் வேடம் கட்டியவர் கிரீடத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் போக மாட்டார். விடிந்தால் படுகளம், மண்ணில் பிடித்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், தொடை பிளக்கும், திரௌபதி கூந்தல் முடிவாள். உறங்கிய ஊர் முழுக்க அப்போது எழுந்து நிற்கும்.

கேட்பது பெரிதல்ல. ஓடவில்லையா, நிறுத்துங்கள். நிறுத்தும் முன் பத்து எபிசோடு கொடுங்கள், எழுதியவர் கதையை முடிக்கட்டும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பேட்டாவை நம்பி வரும் லைட்மேனுக்கும் மேக்கப் உதவியாளருக்கும் அடுத்த வேலை தேட அந்தப் பத்து நாள் உதவும்.

போன வாரம் பூக்கடைப் பக்கம் போனபோது புதுத் தொடர் ஒன்றின் ப்ரோமோ ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்பீர்களா என்று கேட்டோம். "நூறு தாண்டட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார் அக்கா. எல்லோரும் இப்படிக் காத்திருந்தால் அது நூறைத் தொடுவது எப்படி? அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணத் தொடங்கினார்.