தருமிகளை வளர்க்கிறோம்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் க்விஸ் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். பொன்னாடை, மைக், ஃபில்டர் காபி எல்லாம் ஜோர். கேள்வியையும் பதிலையும் அட்டையில் டைப் அடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். படிப்பது மட்டும்தான் என் வேலை.

‘இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?’ என்றேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, ‘அப்படி எதையுமே அறிவிக்கலை சார்’ என்றாள். அட்டையைப் பார்த்தேன். ‘ஹாக்கி’ என்றிருந்தது. ‘தப்பு!’ என்றேன். அடுத்த டீம் ‘ஹாக்கி’ என்றது. பத்து மார்க், கைதட்டல். கடைசியில் கோப்பையும் அவர்களுக்கே போயிற்று. அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்றேன், சிரித்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி! 2012-ல் லக்னோ சிறுமி ஒருத்தி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகமே பதில் எழுதியிருக்கிறது. நானும் ஐம்பது வருஷமாக ஹாக்கி, ஹாக்கி என்றே சொல்லி வந்திருக்கிறேன். யார் சொன்னார்கள், எந்த உத்தரவில் இருக்கிறது என்று ஒருநாள் கூடக் கேட்டதில்லை. அவள் கேட்டிருக்கிறாள். அதற்கு நான் கொடுத்த பரிசு, சைபர்.

நான் சண்டைக்கு வருவது இங்கேதான். ‘பொது அறிவு’ என்ற பெயரில் நாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் அறிவு எங்கே இருக்கிறது? ஒரு வரிக் கேள்வி, ஒரு வார்த்தைப் பதில். மணி அடிப்பதற்குள் சொன்னால் புத்திசாலி. ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சந்திரனிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்று நீங்களும் படித்திருப்பீர்கள். மனிதன் விண்வெளிக்குப் போவதற்குப் பல வருடங்கள் முன்பே அச்சில் வந்துவிட்ட சங்கதி இது! அப்போது யார் போய்ப் பார்த்தார்கள்? சுவரின் அகலம் சில மீட்டர்கள். சந்திரன் இருப்பதோ சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி. ஒரு தலைமுடியை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் நின்று பார்க்கிற கதை. 2003-ல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், பூமிக்குப் பக்கத்திலேயே சுற்றிவிட்டு வந்து, தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு வகுத்தல் கணக்கு போட்டிருந்தால் அவரை அனுப்பாமலேயே தெரிந்திருக்கும்.

சரி, பதில் சரியாகவே இருந்தால்? அப்போதும் நஷ்டம்தான். எவரெஸ்டின் உயரம் கேளுங்கள். ‘8848 மீட்டர்!’ என்று எல்.கே.ஜி. வாண்டு கூடச் சொல்லும். மலை உச்சியில் யார் டேப் பிடித்தார்கள்?

அந்தக் கதை நம்ம சென்னையில் ஆரம்பிக்கிறது. 1802-ல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயர் பரங்கிமலைக்குப் பக்கத்தில் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். நீங்களும் நானும் பள்ளியில் திட்டிக்கொண்டே படித்த அதே ஜியோமிதி. ஒரு முக்கோணத்தின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று அரை நூற்றாண்டு உழைத்து இமயமலை வரை போனார்கள். நேபாளம் உள்ளே விடவில்லை. நூறு மைலுக்கும் அதிக தூரத்தில் இருந்தபடி கோணங்களை அளந்தார்கள். ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணித மேதை, உலகிலேயே உயரமான சிகரம் அதுதான் என்று 1852-ல் கணக்குப் போட்டுச் சொன்னார். 1856-ல் வெளியான உயரம் 29,002 அடி. 2020-ல் நேபாளமும் சீனாவும் செயற்கைக்கோள் உதவியோடு அளந்து அறிவித்தது 8848.86 மீட்டர். அடியில் சொன்னால் சுமார் 29,032. மலையில் காலே வைக்காமல் போட்ட கணக்கில் வித்தியாசம் வெறும் முப்பதடி!

இதைக் கேட்ட பிள்ளைக்கு முக்கோணத்தின் மேல் காதலே வரலாம். நாமோ ‘8848’ என்ற நம்பரைக் கொடுத்துவிட்டு இத்தனையையும் பிடுங்கிக்கொள்கிறோம்.

‘போட்டித் தேர்வுக்கு வேணுமே, சார்?’ என்பீர்கள். வேண்டும்தான். மனப்பாடம் செய்யட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்த டி.என்.பி.எஸ்.சி.யே உத்தேச விடைகளை வெளியிட்டு, தப்பு இருந்தால் ஆதாரத்தோடு சொல்லுங்கள் என்கிறது. அரசுத் தேர்வில் இருக்கிற இந்த நியாயம் ஒரு பள்ளிக்கூட மேடையில் இல்லை. அன்றைக்கு என்னிடமும் இல்லை.

‘திருவிளையாடல்’ (1965) படத்தை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? நாகேஷின் தருமி யாரோ எழுதிக் கொடுத்த பாட்டோடு அரசவைக்குப் போகிறார். பரிசு கைக்கு வரும் நேரத்தில் நக்கீரர் எழுந்து ஒரு கேள்வி கேட்கிறார். தருமிக்குப் பதில் தெரியவில்லை, ஏனென்றால் பாட்டு அவருடையது இல்லை. நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் வீட்டுக்கு வந்து, நம் பிள்ளைகளைத் தருமியாக்க டியூஷன் ஃபீஸ் கட்டினோம்! நக்கீரராக ஒருத்தி எழுந்து நின்றால் ‘உட்காரும்மா’ என்கிறோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளை ஏதாவது ஒரு தகவலைப் பெருமையாகச் சொன்னால், கைதட்டுங்கள். தட்டிவிட்டு, ‘இது எப்படிடா தெரிஞ்சுது?’ என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கும் தெரியாதா? நல்லதாகப் போயிற்று. இரண்டு பேருமாகச் சேர்ந்து தேடுங்கள். நான் மேலே சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அந்தப் பெண் இப்போது காலேஜில் படித்துக்கொண்டிருப்பாள். இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வார்த்தை: ஸாரிம்மா, நீ சொன்னதுதான் சரி. பத்து மார்க் பாக்கி இருக்கிறது.