புலம்பெயர் இதழ்களும் தமிழாய்வின் பாராமுகமும்

முன்னுரை

தமிழ்த்துறைகளில் புலம்பெயர் இலக்கியம் ஓர் ஆய்வுப் பொருளாக நிலைபெற்றுவிட்டது. ஆயின் அவ்வாய்வுகள் பெரும்பாலும் சென்னையில் அச்சாகிக் கைக்கெட்டும் தொகுப்பு நூல்களோடு நின்றுவிடுகின்றன. ஒரு படைப்பு முதலில் எவ்விதழில் வந்தது, அதனைச் செப்பனிட்டவர் யார், எவ்வாசகரை நோக்கி அது எழுதப்பட்டது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. சமூக இதழ் இலக்கியத்தின் வாயிற்படி மட்டுமே என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதழ் என்னும் பயிற்சிக்களம்

1950இல் கோலாலம்பூர் ‘தமிழ் நேசன்’ இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். எழுத விழைந்த எளியோர்க்குச் சிறுகதையின் அமைப்பு அங்குப் பாடமாகச் சொல்லப்பட்டது. 1952 முதல் 1957 வரை மலாயாவில் வாழ்ந்து அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, இளம் எழுத்தாளர்களைக் கூட்டி அவர்தம் படைப்புகளை விவாதித்தார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’, பின்னாளில் மாணவர் மணிமன்றத்தின் வழியே பள்ளி மாணவரை எழுத்தாளராக்கியது. இவ்விதழ்கள் வந்ததை வாங்கி அச்சிட்ட அஞ்சற்பெட்டிகள் அல்ல. எழுத்தாளரையும் வாசகரையும் ஒருங்கே உருவாக்கிய களங்கள் ஆகும்.

1983க்குப் பின் ஈழத்தினின்று பெயர்ந்தோர் நடத்திய இதழ்களும் இங்கு நோக்கத்தக்கன. செருமனியில் ‘தூண்டில்’, நோர்வேயில் ‘சுவடுகள்’, பெண்கள் நடத்திய ‘சக்தி’, சுவிட்சர்லாந்தில் ‘மனிதம்’, நெதர்லாந்தில் ‘அ ஆ இ’, பாரிசில் ‘ஓசை’, ‘எக்ஸில்’, ‘உயிர்நிழல்’ என அவை விரிந்தன. டொராண்டோவில் செல்வம் அருளானந்தம் 1990இல் ‘காலம்’ இதழைத் தொடங்கினார். சாதி, பெண்ணுரிமை, ஆயுத இயக்கங்களின் அதிகாரம் ஆகியன பற்றிய கடும் பூசல்கள் இத்தகைய இதழ்களில் நிகழ்ந்தன. நூல்களை மட்டும் படிப்போர் ‘தாயக ஏக்கம்’ என்னும் ஒற்றைச் சொல்லில் புலம்பெயர் இலக்கியத்தை அடக்கிவிடுகின்றனர். இதழ்களைப் புரட்டியிருப்பின் அம்முடிவு நில்லாது.

பரிவு என்னும் புறக்கணிப்பு

சமூக இதழ் அனைவர்க்கும் இடமளிக்க வேண்டும். ஆதலின் அதனை இலக்கிய அளவுகோலால் அளத்தல் தகாது என்பாரும் உளர். சிறுபான்மைச் சமூகத்தில் எழுதுவோர் சிலரே. அவரையும் திருப்பி அனுப்பினால் எஞ்சுவது யாது என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் கருணை உண்டு, மதிப்பு இல்லை. வாயிலைத் திறந்து வைப்பது வேறு, திருத்தாமல் அச்சேற்றுவது வேறு. ‘கதை வகுப்பு’ எவர்க்கும் திறந்திருந்தது, எனினும் கற்பித்தது. காரணங்காட்டித் திருப்பி அனுப்பப்படும் கதை மீண்டும் எழுதப்பட்டு வரக்கூடும். பரிவினால் அச்சேறிய கதையோ அத்துடன் முடிந்துவிடுகிறது.

சித்தூரும் தேவிகுளமும்

இவ்வினா கடல்கடந்த தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கொச்சி அரசின் பகுதியாயிருந்த சித்தூர், 1956 நவம்பர் 1இல் அமைந்த கேரள மாநிலத்தில் தொடர்ந்தது. எழுத்தச்சன் இறுதிக்காலத்தில் தங்கியதாக மரபு கூறும் அவ்வூரில் தமிழும் தலைமுறைகளாகப் பேசப்படுகிறது. இத்தமிழர் இடம்பெயர்ந்தவர் அல்லர். இருந்த இடத்திலேயே மாநிலச் சிறுபான்மையினர் ஆனவர். தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தொழிலாளரின் முன்னோரோ தென் தமிழக மாவட்டங்களிலிருந்து மலையேறியவர். இவ்விரு வரலாறுகளையும் ‘எல்லைத் தமிழர்’ என்னும் ஒரே பெயரில் அடக்குவது ஆய்வாகாது. அவ்வேறுபாட்டைச் சொல்ல வல்லவர் அம்மக்களே. சொல்வதற்கேற்ற களம் அவர்தம் இதழே.

இலங்கையில் 1920களிலேயே கோ. நடேசய்யர் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகியவற்றை நடத்தினார். இதழ்கள் பல அமைத்த அவ்வழியில்தான் ‘மலையக இலக்கியம்’ என்னும் பெயர் பாடத்திட்டம் வரை வந்தது. அதே தேயிலையைக் கிள்ளிய மூணாற்றுத் தமிழர்க்கு அத்தகைய பெயர் தமிழாய்வில் நிலைபெறவில்லை. 2020 ஆகஸ்டு 6இல் பெட்டிமுடி நிலச்சரிவு எழுபது உயிர்களைக் கொண்டது. அதனைச் செய்தியாக உலகம் படித்தது. அத்தோட்டத்துப் பிள்ளைகள் அதனை எழுதினால், திருத்திப் பதிப்பிக்கும் பொறுப்பை ஏற்பவர் யார்?

முடிவுரை

இதழ்கள் கிடைப்பதில்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது. 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம் ஈழத் தமிழ் இதழ்கள் பலவற்றை மின்வடிவில் காத்துள்ளது. தொகுப்பு நூலோடு நில்லாமல் இதழின் மூலப்பக்கத்தை ஒப்பிடுவதைத் தமிழ்த்துறைகள் ஆய்வு நெறியாக்க வேண்டும். இதழாசிரியரின் பணியைத் தனி ஆய்வுப் பொருளாக ஏற்க வேண்டும். எல்லைப்புறக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் தம் மாணவரின் ஊர்களிலிருந்து எழுத்தை வரவழைத்து, திருத்திக் கற்பித்து, இதழாக்க வேண்டும். பிறர் நடத்திய இதழ்களை ஆராயும் துறை, தன் வாயிலில் ஓர் இதழுக்கும் இடமளிக்கவில்லையெனில், அதன் ஆய்வு முடிவுகளை அம்மக்கள் மதிக்க வேண்டிய கடப்பாடு இல்லை.