டார்த் வேடர் வந்தா மட்டும் போதுமா?

ஸ்டார் வார்ஸைத் திட்டணும்னா அதுக்கு ஸ்டார் வார்ஸ் ரசிகனை விட்டா ஆளே கிடையாது. படம் பிடிக்காதவன் "போர்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டுப் போயிடுவான். பிடிச்சவன்தான் காட்சி காட்சியா, நிமிஷக் கணக்குல உட்கார்ந்து திட்டுவான். அந்தக் கூட்டத்துக்குன்னே ஒரு ஊரைக் கட்டிக் கொடுத்தா என்ன ஆகும்? அந்தக் கதையைத்தான் இன்னிக்கு பேசப் போறேன். பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்துடுங்க.

முன்கதைச் சுருக்கம். டிஸ்னிக்காரங்க 2015 ஆகஸ்ட்ல "ஸ்டார் வார்ஸுக்குத் தனி நிலம்"னு அறிவிச்சாங்க. கிட்டத்தட்ட நாலு வருஷம் காத்திருப்பு. 2019 மே 31 அன்னிக்கு கலிஃபோர்னியாவுல அனஹைம் டிஸ்னிலேண்டுல திறந்தாங்க. பேரு 'கேலக்ஸிஸ் எட்ஜ்'. 14 ஏக்கர். அதே மாதிரி இன்னொண்ணு ஆகஸ்ட் 29ல ஃப்ளோரிடாவுல. கலிஃபோர்னியாவுல முதல் மூணு வாரம் முன்பதிவு இருந்தாத்தான் உள்ளே விட்டாங்க, அதுவும் நாலு மணி நேரம்தான். அதே வருஷ ஜனவரியில டிக்கெட் விலையையும் ஏத்திட்டாங்க. கூட்டம் அதிகமான நாள்ல ஒரு ஆளுக்கு 149 டாலர்.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கு அப்புறம் அந்த முதல் கோடையில கூட்டம் எதிர்பார்த்த அளவுக்கு வரலை. "எங்கேயா போனாங்க அத்தனை ரசிகர்களும்?"னு பத்திரிகைகள் கேட்க ஆரம்பிச்சாச்சு. கூட்டத்துக்குப் பயந்தே நிறைய பேர் வரலைன்னு கம்பெனி தரப்புல விளக்கம் சொன்னாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனா போனவங்க என்ன சொன்னாங்கன்னு பார்த்தா இன்னும் சுவாரசியம். என் கணக்குல மூணு கோஷ்டி.

1. "ஆஹா" கோஷ்டி

கண்ணுல தண்ணி வந்தவங்க. மில்லேனியம் ஃபால்கன் கப்பல் நிஜ அளவுல எதிர்ல நிக்குது. 1977ல படம் பார்த்த ஆளு இப்ப பேரனோட வந்து அதுக்குக் கீழே நிக்கிறார். அழாம என்ன பண்ணுவார்? லைட்சேபர் செய்யற பட்டறை ஒண்ணு உண்டு. பிடியைப் பொறுக்கி, கல்லைப் பொறுக்கி, கடைசியில எல்லாரும் ஒண்ணா ஒளிர விடறப்போ யோடாவோட குரல் கேட்கும். விலை திறந்தப்போ 199.99 டாலர். அதைக் கொடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க காசு போச்சேன்னு புலம்பலைங்கறதைக் கவனிங்க.

அப்புறம் 'ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ்'. இது நிலம் திறந்தப்போ தயாரா இல்லை. ஃப்ளோரிடாவுல 2019 டிசம்பர் 5, கலிஃபோர்னியாவுல 2020 ஜனவரி 17. ஒரு ரைடுன்னு சொல்றதை விட நாலஞ்சு ரைடை ஒண்ணா கோர்த்ததுன்னு சொல்லலாம். நம்மளைக் கைது பண்ணிக் கொண்டுபோறாங்க, கதவு திறக்குது, எதிர்ல 50 ஸ்டார்ம்ட்ரூப்பர்கள் வரிசையா நிக்கிறாங்க. ஊரே வாயைப் பொளந்துச்சு. இதைக் குறை சொன்ன ரசிகனைத் தேடித்தான் பிடிக்கணும்.

2. "வேடர் எங்கே?" கோஷ்டி

இதுதான் பெரிய கோஷ்டி. இந்த நிலம் இருக்கிற ஊரு பட்டூ. படத்துல எங்கயும் வராத கிரகம், இந்தப் பூங்காவுக்காகவே உண்டாக்கினது. திறந்தப்போ காலம், புது மூணு படங்கள்ல ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல இருந்துச்சு. அதனால அப்போ டார்த் வேடர் இருக்கலை, லியா இருக்கலை, ஹான் சோலோ இருக்கலை. ரே, செவ்பாக்கா, கைலோ ரென் இவங்கதான் தெருவுல சுத்தினாங்க. தெருவுல பின்னணி இசைகூட இருக்கலை. நிஜ ஊர்ல எங்கயாவது வயலின் கேட்குமாங்கற லாஜிக். இத்தனைக்கும் இந்த இடத்துக்குன்னே ஜான் வில்லியம்ஸ் புதுசா ஒரு இசை எழுதினார். அது 2020ல கிராமியும் வாங்கிச்சு.

மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் மாதிரி இருக்குன்னு ஜனங்க கடுப்பானதுல தப்பு சொல்ல முடியாது. ஹாரி பாட்டர் ரசிகன் 2010ல ஆர்லாண்டோ யுனிவர்சலுக்குப் போனப்போ எதிர்ல ஹாக்வார்ட்ஸ் இருந்துச்சு. அவன் மனசுக்குள்ள பல வருஷமா குடியிருந்த இடம் அது. பட்டூவுல யாரு குடியிருந்தா?

"அப்போ அவதார்?"னு கேப்பீங்க. 2017ல ஃப்ளோரிடாவுல திறந்த பண்டோராவுலயும்தான் படத்தோட கதாநாயகன் இல்லை. யாரும் கேட்கவே இல்லையே? காரணம் சிம்பிள். அவதார்ல ஜனங்களுக்குப் பிடிச்சது அந்த மிதக்கிற மலையும் ராத்திரியில ஒளிர்ற காடும். இடத்தை ரசிச்சவனுக்கு இடத்தைக் கொடுத்தாச்சு. ஸ்டார் வார்ஸ்ல ஜனங்க நேசிச்சது ஆளுங்களை. அவங்களுக்கு ஆளில்லாத ஊரைக் கொடுத்தா எப்படி?

3. "சொன்னது என்னாச்சு?" கோஷ்டி

இந்தப் பதிவே இவங்களுக்காகத்தான். சின்ன கோஷ்டி, சத்தமும் கம்மி. ஆனா விஷயம் இவங்ககிட்டதான் இருக்கு.

ஏன் தெரியாத ஊரு? ஏன் வேடர் இல்லை? அதுக்கு டிஸ்னி ஆரம்பத்துலயே ஒரு காரணம் சொல்லியிருந்தாங்க. நீங்க வேற யாரோட கதையையும் வேடிக்கை பார்க்க வரலை, உங்க கதையை வாழ வர்றீங்க அப்படின்னு. 2017 ரசிகர் மாநாட்டுல இன்னும் ஒரு படி மேலே போனாங்க. ஃபால்கனை நல்லா ஓட்டினா கிரெடிட் சேரும். இடிச்சு நொறுக்கிக் கொண்டுவந்தா ஹார்கோஸ்னு ஒரு தலைவேட்டைக்காரனோட லிஸ்ட்ல உங்க பேரு ஏறும், அப்புறம் சாராயக்கடைப் பக்கம் போனா வம்புதான்னு சொன்னாங்க.

யோசிச்சுப் பாருங்க மக்கா. நீங்க என்ன பண்ணீங்கன்னு அந்த ஊருக்குத் தெரியும்! ஒரு ரசிகனுக்கு இதை விட என்ன வேணும்? இதுக்காக வேடர் இல்லாட்டியும் பரவாயில்லைன்னு சொல்ல நிறைய பேர் தயாராத்தான் இருந்தாங்க. வேடர் போன இடத்துல நாம வர்றோம். நல்ல பேரம்தான்.

திறந்தப்போ கிடைச்சது என்ன? கப்பல் ஓட்டற ரைடு இருந்துச்சு. ஆறு பேரு உட்காரணும். ரெண்டு பைலட், ரெண்டு சுடறவங்க, ரெண்டு இன்ஜினியர். பைலட் சீட் கிடைச்சா யோகம். இன்ஜினியர் சீட்னா முன்னாடி திரையைப் பார்க்கறதா, பக்கத்துல மினுக்கற பட்டனை அமுக்கறதான்னு தெரியாம முழிக்கணும். இடிச்சா இடிச்சதுதான். இறங்கி வெளியே வந்து கடையில போய் நின்னா "வாங்க, என்ன வேணும்?"தான். ஹார்கோஸாவது ஒண்ணாவது. போன்ல ஒரு ஆப் உண்டு. கதவை ஹேக் பண்ணலாம், பெட்டியை ஸ்கேன் பண்ணலாம். ஆனா புள்ளி ஏறினது போனுக்கு மட்டும்தான் தெரியும், எதிர்ல நிக்கற மனுஷனுக்குத் தெரியாது. 14 ஏக்கர்ல ஒரு வேற்றுலகத்தைக் கட்டிட்டு, அதுக்குள்ள குனிஞ்சு போனையே பார்த்துக்கிட்டு நடக்கச் சொல்றது என்ன நியாயம்?

இன்னொரு கூத்து. 14 வயசும் அதுக்கு மேலேயும் ஆனவங்க வேஷம் போட்டுக்கிட்டு வரக்கூடாதுங்கறது டிஸ்னி பூங்காக்களோட விதி. பாதுகாப்புக் காரணம் புரியுது. ஆனா "உன் கதையை வாழு"ன்னு கூப்பிட்டுட்டு, டீஷர்ட் போட்டுக்கிட்டு வாழுன்னா எப்படி? :-)

கடைக்காரங்க பாவம், அவங்களுக்குக் கொடுத்த வேலையை நல்லாவே பண்ணாங்க. "பிரகாசமான சூரியன்கள்"ங்கற அர்த்தத்துல வணக்கம் சொன்னாங்க, டாலரை கிரெடிட்னு சொன்னாங்க, கழிப்பறைக்குக்கூட வேற பேரு. நீலப் பால் வித்தாங்க (7.99 டாலர், தேங்காய்ப்பாலும் அரிசிப்பாலும் கலந்தது. சுவையைப் பத்தி ரெண்டு கட்சி, நான் எதுலயும் இல்லை). ஆனா இதெல்லாம் ஊருக்குக் கொடுத்த வேஷம். நமக்குக் கொடுத்தது வாடிக்கையாளர் வேஷம் மட்டும்தான்.

சரி, ஏன் நடக்கலை?

கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு ஒரே வரியில முடிக்க எனக்கு மனசில்லை. ஒரு பாறையைச் செஞ்சு வெச்சா அது வருஷக் கணக்கா நிக்கும், செலவு ஒரு தடவைதான். உங்களை ஞாபகம் வெச்சுக்கிட்டு பேசற மனுஷனுக்கு தினம் சம்பளம் கொடுக்கணும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல ஆள் வர்ற இடத்துல ஒவ்வொருத்தரையும் அடையாளம் கண்டு பேசறதுன்னா சும்மாவா? கஷ்டம்தான். ஆனா அது கஷ்டம்னு மேடையில வாக்குறுதி கொடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்ல?

இதுல என்னைக் கடுப்பேத்தினது அடுத்து நடந்ததுதான். நிலத்துல கிடைக்காத அந்த விஷயத்தைத் தனியா பொட்டலம் கட்டி வித்தாங்க. 2022 மார்ச் 1ல ஃப்ளோரிடாவுல திறந்த 'கேலக்டிக் ஸ்டார்க்ரூஸர்'. ரெண்டு ராத்திரி, கப்பல் மாதிரி ஒரு ஹோட்டல், 100 அறை. அங்கே நடிகர்கள் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க, உங்களை நம்பி ரகசியம் சொல்லுவாங்க, நீங்க எந்தக் கட்சின்னு ஞாபகம் வெச்சுப்பாங்க. ஆரம்ப விலை ரெண்டு பேருக்கு 4,809 டாலர்! போய்ட்டு வந்தவங்கள்ல நிறைய பேர் வாழ்க்கையில மறக்க மாட்டோம்னாங்க. 2023 செப்டம்பர் கடைசியில மூடியாச்சு. ஒண்ணரை வருஷம் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் ஆயுசு.

ஜென்னி நிக்கல்சன் 2024 மே மாசத்துல யூட்யூப்ல இதைப் பத்தி நாலு மணி நேரம் பேசினாங்க. ஆமா, நாலு மணி நேரம். லட்சக்கணக்குல ஜனங்க உட்கார்ந்து பார்த்தாங்க. அவ்வளவு காசு கட்டிப் போயும் ஆப் சரியா வேலை செய்யாம கதை அவங்களைக் கண்டுக்கவே இல்லைங்கறதுதான் அதுல மனசுல தங்கற பகுதி. சாப்பாட்டு நேரத்துல தூணுக்குப் பின்னாடி சீட் கொடுத்தது தனிக்கதை. அவங்க கேட்டதும் வேடர் இல்லை. "நான் இங்க இருக்கேன், என்னைப் பாருங்க"ங்கறதுதான்.

இதை மந்திரக்கோலோட ஒப்பிட்டுப் பாருங்க. யுனிவர்சல்ல 2014லேர்ந்து, வாங்கின கோலை வீசினா கடை ஜன்னலுக்குள்ள ஏதோ ஒண்ணு அசையும். ஒரு சின்ன சென்சார் வேலை, பெரிய ஞானம் ஒண்ணும் இல்லை. ஆனா அந்தக் குழந்தைக்கு அது பெரிய விஷயம். நான் செஞ்சேன், உலகம் பதில் சொல்லுச்சு. மூணாவது கோஷ்டி கேட்டதும் அவ்வளவுதான்.

இப்போ என்ன?

டிஸ்னி அறிவிச்சபடி 2026 ஏப்ரல் 29 கலிஃபோர்னியா நிலத்துல காலம் மாறுற தேதி. வேடர், லூக், லியா, ஹான் சோலோ எல்லாரும் தெருவுக்கு வர்ற ஏற்பாடு. ஜான் வில்லியம்ஸோட பழைய இசையும் உண்டு. ரே, அந்த ரெசிஸ்டன்ஸ் ரைடு பக்கமா ஒதுங்கிக்கறாங்க. அறிவிப்பு வந்ததும் ரெண்டாவது கோஷ்டி "நாங்க ஜெயிச்சிட்டோம்"னு ஒரே கொண்டாட்டம்.

கொண்டாடுங்க, வேணாங்கலை. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, 2015ல எட்டு வயசுல முதல் தடவை ஸ்டார் வார்ஸ் பார்த்த பொண்ணுக்கு ஸ்டார் வார்ஸ்னா ரே தான். நமக்கு வேடர் எப்படியோ அவளுக்கு ரே அப்படி. "இதெல்லாம் ஒரு ஸ்டார் வார்ஸா"ன்னு அவகிட்ட சொல்ல நமக்கு யாரு பட்டா எழுதிக் கொடுத்தா?

ரெண்டாவது, ரசிகர்கள் ரெண்டு குறை சொன்னாங்க. "எங்களுக்குப் பிடிச்சவங்க இல்லை"ங்கறது ஒண்ணு. "எங்களுக்கு ஒரு இடம் தர்றேன்னு சொன்னீங்களே"ங்கறது இன்னொண்ணு. முதல் குறைக்கு மருந்து சுலபம், நாலு வேஷம் தச்சா போதும். அதை நிறைவேத்திட்டு, "பாருங்க, ரசிகர்கள் சொன்னதைக் கேட்டுட்டோம்"னு ரெண்டாவதையும் சேர்த்து மூடிடலாம். சத்தமாக் கேட்டது கிடைச்சிடுச்சு, சன்னமாக் கேட்டது காணாமப் போச்சு.

வேடர் வரட்டும். நானும் பயந்துக்கிட்டே கைதட்டறேன். ஆனா அவர் நம்மளைக் கடந்து போகும்போது "ஃபால்கனை இடிச்சது நீதானே?"ன்னு ஒரு வார்த்தை கேட்டா எப்படி இருக்கும்? அதைக் கேட்க வைக்கறதுதான் மேடையில கொடுத்த வாக்கு. அது இன்னும் பாக்கி.

நீங்க எந்தக் கோஷ்டி? பின்னூட்டத்துல சொல்லுங்க. நாலாவது கோஷ்டி இருந்தாலும் சொல்லுங்க, சேர்த்துக்கலாம்.

டிஸ்கி: நீலப் பாலை விடப் பச்சைப் பால் நல்லா இருக்கும்னு சொல்றவங்க தயவுசெய்து தனிப்பதிவு போடவும். இங்க கும்மி அடிக்காதீங்க :-)