உத்தரவாதம் முடிந்தது, உழவன் கடன் முடியவில்லை!



தேங்காய்ப்பட்டணத்துத் துறைமுகத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். வள்ளத்து இயந்திரம் பழுதென்றால் மீனவனுக்கு அன்று கடல் இல்லை. கிழக்கே, நாஞ்சில் நாட்டு வயலில் டிராக்டர் நின்றுவிட்டால் உழவனுக்கு அந்தப் பருவமே இல்லை. கன்னிப்பூவும் கும்பப்பூவும் உதிரிப்பாகம் வரும்வரை காத்திருக்குமா?

உத்தரவாதக் காலம் உள்ளவரை ஓடி வருகிறவர்கள், அது முடிந்ததும், "பாகம் கைவசம் இல்லை" என்று கை விரிக்கிறார்கள். வங்கித் தவணை மட்டும் நாள் தவறாமல் வந்து நிற்கிறது!

நம் ஊர்ப் பட்டறைக்காரரிடம் திறமை இல்லையா? இருக்கிறது. பாகமும் விளக்க ஏடும்தான் அவர் கைக்கு எட்டுவதில்லை. புதுவகை வண்டிகளிலோ கணிப்பொறியே பூட்டாகிவிட்டது.

அமெரிக்க உழவனையும் வாட்டிய தொல்லைதான் இது. அங்கே கொலராடோ மாநிலம் 2023-இல் சட்டம் இயற்றியது. பாகமும் கருவியும் விளக்கமும் உழவருக்கும் தனிப் பட்டறைக்கும் தந்தாக வேண்டும் என்ற அச்சட்டம், 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இங்கே? 2022 ஜூலையில் ஒன்றிய அரசு ஒரு குழு அமைத்தது; வேளாண் கருவிகளையும் பட்டியலில் சேர்த்தது. டிசம்பரில் இணையதளம் திறந்தது. இணையதளம் வழி சொல்லும், வழிக்குக் கொண்டுவருமா? அதற்குச் சட்டமல்லவா வேண்டும்!

நாம் இலவசம் கேட்கவில்லை. விலை கொடுத்து வாங்கத்தான் பாகம் கேட்கிறோம்.

கிளைதோறும் கணக்கெடுங்கள். வண்டி நின்ற நாளையும் பாகம் வந்த நாளையும் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பேடே நம் வாதம். அதுவே மன்றத்தில் நம் குரல்!