கண்ணாடியும் விளையாட்டுத் திடலும்

டில்லிப் பள்ளிகளில் பயிலும் 5 முதல் 15 வயது வரையிலான 9,884 குழந்தைகளைப் பரிசோதித்த எய்ம்ஸ் மருத்துவர்கள், அவர்களில் 13.1 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை இருப்பதாக 2015இல் அறிவித்தனர். கிட்டப்பார்வை கொண்ட அக்குழந்தைகளில் பொருத்தமான கண்ணாடி அணிந்திருந்தோர் வெறும் 320 பேர். நால்வரில் ஒருவர்கூட இல்லை. கரும்பலகை தெரியாத குழந்தைக்கு ‘படிப்பு வராத பிள்ளை’ என்ற பெயர் விரைவில் கிட்டிவிடுகிறது. தனக்கு மட்டுமே எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்பதை அக்குழந்தை அறிவதில்லை. அது எதையும் கேட்பதுமில்லை.

விழிக்கோளம் இயல்பைவிட நீள்வதே கிட்டப்பார்வைக்குப் பெரும்பாலும் காரணம். வளரும் வயதில் நீட்சியும் தொடர்வதால் கண்ணாடியின் அளவு கூடிக்கொண்டே போகிறது. அது 6 டையாப்டரைக் கடக்கும்போது, பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண்நீர் அழுத்த நோய் போன்றவற்றின் அபாயம் பெருகுகிறது. எனவே ஒருமுறை கண்ணாடி வாங்கித் தருவதோடு பொறுப்பு முடிவதில்லை.

அளவு கூடும் வேகத்தைக் குறைக்க இன்று வழிகள் உள்ளன. குறைந்த செறிவுள்ள அட்ரோபின் சொட்டு மருந்து சிங்கப்பூர், ஹாங்காங் ஆய்வுகளில் பயன் தந்துள்ளது. இதற்கெனச் சிறப்புக் கண்ணாடி வில்லைகளும் வந்துள்ளன. இவற்றை வணிகத் தந்திரம் என்று ஒதுக்குவது அறிவியலுக்குப் புறம்பானது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மருந்தை ஆண்டுக்கணக்கில் இட வேண்டும். சிறப்பு வில்லையின் விலையோ தினக்கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டாதது. பொது மருத்துவமனைகளில் இவை இலவசமாகக் கிடைக்காதவரை, வசதியுள்ள வீட்டுக் குழந்தையின் கண் மட்டுமே காக்கப்படும்.

கிட்டப்பார்வை தோன்றுவதையே தள்ளிப்போடும் வழி ஒன்றுண்டு. அது பகல் வெளிச்சம். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புக் குழந்தைகள் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் செலவிட ஏற்பாடு செய்யப்பட்டது. மூன்றாண்டு முடிவில் அவர்களில் 30.4 சதவீதத்தினருக்கும், வழக்கம்போல் பயின்ற குழந்தைகளில் 39.5 சதவீதத்தினருக்கும் கிட்டப்பார்வை தோன்றியிருந்தது. தைவானில் 2010 முதல் நாளொன்றுக்கு 120 நிமிட வெளிப்புற நேரம் பள்ளிகளில் வலியுறுத்தப்படுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடும் குழந்தைகளிடம் பாதிப்பு குறைவு என்பதை டில்லி ஆய்வும் கண்டது. தனியார் பள்ளிகளில் பாதிப்பு கூடுதல் என்பதும் அதன் முடிவுகளில் ஒன்று.

இந்த வெளிச்சத்துக்கு விலையில்லை; ஆனால் இடமும் நேரமும் வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடலைக் கட்டாயமாக்கியது. ஆயினும் மாடிக் கட்டடத்துக்குள்ளேயே பள்ளிகள் நடக்கின்றன. விளையாட்டுப் பாடவேளையைக் கணிதம் எடுத்துக்கொள்கிறது, மாலையைத் தனிப்பயிற்சி எடுத்துக்கொள்கிறது. ஒற்றையறைக் குடியிருப்பில் வாழும் தாயிடம், ‘பிள்ளைக்கு ஏன் கைப்பேசி கொடுத்தாய்?’ என்று கேட்பது எளிது. அப்பிள்ளையை அவர் எங்கே விளையாட அனுப்புவார்? 2024 நவம்பரில் டில்லியின் காற்று நஞ்சானபோது வகுப்புகள் இணையவழிக்கு மாற்றப்பட்டன. குழந்தைகள் மீண்டும் திரைக்கு முன்னால்தான் உட்கார்த்தப்பட்டனர். நகர நிலமும் காற்றும் யாருக்காக நிர்வகிக்கப்படுகின்றன என்ற கேள்வி குழந்தையின் கண்ணிலும் வந்து நிற்கிறது.

பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசக் கண்ணாடி வழங்கும் ஏற்பாடு தேசியப் பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் உள்ளது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவக் குழு வர வேண்டும். குறைந்த கட்டணத் தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த தொழிலாளி இவ்வரம்புக்கு வெளியே நிற்கிறார். அனைத்துப் பள்ளிகளுக்கும் இதை விரிவுபடுத்துவதும், கண் பரிசோதகர் பணியிடங்களை நிரப்புவதும், அட்ரோபினைப் பொது மருந்தகங்களில் கிடைக்கச் செய்வதும் ஒன்றிய, மாநில அரசுகளின் கடமை.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. அங்குள்ள நம் தோழர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேட்கலாம்: மருத்துவக் குழு கடைசியாக எப்போது வந்தது? எத்தனை குழந்தைகளுக்குப் பார்வைக் குறை கண்டறியப்பட்டது? அவர்களில் எத்தனை பேருக்குக் கண்ணாடி கிடைத்தது? சென்ற ஆண்டு கண்ணாடி பெற்றவர்களின் அளவு மீண்டும் பரிசோதிக்கப்பட்டதா?